மன்னார்குடி பந்தலடி பக்கத்து சலூன் – ரெண்டுங்கெட்டான் வயசுல பையன் இருக்கவங்க ஒருதடவ படிங்க

எங்க பையன் ரெண்டு வருஷமா முடி வெட்டிக்கிற கடை இது. பந்தலடிலேர்ந்து பிரியிற ஒரு சந்துல இருக்கு. போர்டுல இருந்த பேரு வெயில்ல அழிஞ்சுபோயி "முடி திருத்தும் நிலையம்"ங்கறது மட்டும்தான் இப்ப தெரியுது, பசங்க எல்லாம் "அண்ணன் கடை"ன்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு சேர், ஒரு பெஞ்ச், ஒரு ஃபேன். பசங்களுக்கு 100 ரூபா, பெரியவங்களுக்கு 120, சேவிங் தனி. ஒவ்வொருத்தருக்கும் புது பிளேட கண்ணு முன்னாடி பிரிச்சு போடுறாரு, துண்டு துவைச்சு காயவச்ச வாசனையோட இருக்கும், ட்ரிம்மர ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல துடைக்கிறாரு. இதெல்லாம் நான் நின்னு பாத்தது.

ரிவ்யூன்னா இவ்வளவு போதும். ஆனா நான் ஸ்கூல் டீச்சர், ஒன்பதாவது பத்தாவது பசங்கள பதினாலு வருஷமா பாக்குறேன், வீட்லயும் அதே வயசுல ஒருத்தன், அவங்கப்பா சிங்கப்பூர்ல. அதனால இந்த கடைய பத்தி எனக்கு தோணுற இன்னொரு விஷயத்தையும் எழுதியே ஆகணும்.

நாங்க மொத மொத அங்க போனது ஒரு மோசமான நாள்ல. பையன் அப்ப பத்தாவது ஆரம்பிச்ச புதுசு. சைடுல ஒட்ட வெட்டி முன்னாடி மட்டும் கொஞ்சம் நீளமா விட்டிருந்தான், நெத்தில வந்து விழும், அத கைல ஒதுக்கி விடுறதுதான் அவனுக்கு அந்த வருஷத்து சந்தோஷமே. அவன் படிச்ச ஸ்கூல் பேரு வேணாம். காலைல பிரேயர்ல வரிசையா நிக்கவச்சு, முடி நீளமா இருந்த ஆறேழு பசங்கள முன்னாடி கூப்புட்டு, ஒரு வாத்தியார் கத்திரிக்கோலால ஆளுக்கு ஒரு பிடி வெட்டி விட்டாரு. சரியா வெட்டல, வேணும்னே கோணலா, "இப்ப போயி ஒழுங்கா வெட்டிக்கிட்டு வாங்கடா"ன்னு. காலைல நடந்துச்சு, சாயங்காலம் வரைக்கும் எட்டு பீரியடும் அந்த தலையோட உக்காந்திருக்கான்.

வீட்டுக்கு கர்ச்சீப்ப தலைல கட்டிக்கிட்டு வந்தான். சாப்புடல, பேசல, ரூம் கதவ சாத்திட்டான். அவங்க அப்பாயி "முடிதானடா சாமி, பத்து நாள்ல வளந்துரும்"னாங்க. நானும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னேன், வேற வார்த்தைல. இப்ப நினைச்சாலும் எனக்கு வருத்தமா இருக்கு, கிளாஸ்ல இத்தனை வருஷம் பசங்க மூஞ்சிய பாத்து பாடம் எடுக்குறவ எம்பையன் மூஞ்சிய பாக்காம பேசிட்டேன்.

ராத்திரி ஏழு மணிக்கு ஸ்கூட்டில கூட்டிட்டு போனேன். வழக்கமா ஹெல்மெட் போடுன்னா போடமாட்டான், அன்னைக்கு அவனே எடுத்து மாட்டிக்கிட்டான், வண்டிய விட்டு இறங்கியும் கழட்டல, கடைக்குள்ள போயும் கழட்டல. பெஞ்சுல நாலு பேரு உக்காந்திருந்தாங்க. கடைக்காரர் அவன ஒரு தடவ பாத்தாரு, என்னைய ஒரு தடவ பாத்தாரு, என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. பெஞ்சுல இருந்தவங்கள்ட்ட "அண்ணே கோச்சுக்காதீங்க, தம்பிக்கு கொஞ்சம் அவசரம், நாளைக்கு வந்துருங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டு ஷட்டர பாதி இறக்கிட்டாரு. சேர கண்ணாடி பக்கம் பாக்காம செவுத்து பக்கம் திருப்பி போட்டாரு. அப்பறம் என்கிட்ட, "டீச்சர், நீங்க செத்த நேரம் எதுத்தாப்புல டீ குடிச்சிட்டு வாங்க."

எனக்கு அது பிடிக்கல. பெத்தவள வெளிய அனுப்புறாரேன்னு இருந்துச்சு. டீக்கடையில நின்னுக்கிட்டே பாத்தேன், பாதி ஷட்டருக்கு கீழ அவன் காலு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. மொதல்ல கால் விரல் எல்லாம் செருப்ப இறுக்கி பிடிச்சுக்கிட்டு மடங்கி இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல ஒரு செருப்பு கீழ விழுந்துச்சு. அப்பறம் காலு மெதுவா ஆட ஆரம்பிச்சுச்சு, பாட்டு கேக்குறப்ப ஆட்டுவான்ல, அந்த மாதிரி. அத பாத்தோன்னதான் எனக்கு அந்த டீ உள்ள இறங்குச்சு.

உள்ள என்ன பேசுனாங்கன்னு அவனே ரொம்ப மாசம் கழிச்சுதான் சொன்னான். யாரு வெட்டுனா, ஏன் வெட்டுனாங்க, இதெல்லாம் ஒண்ணும் கேக்கலையாம். "இருக்குற முடிய வச்சு மூணு விதமா பண்ணலாம் தம்பி, உனக்கு எது வேணும் சொல்லு"ன்னு ஒவ்வொண்ணையும் விளக்கி சொல்லியிருக்காரு. இவன் தலை பூரா மூணாம் நம்பர் மெஷின் போட்டுடுங்கண்ணான்னு இருக்கான். "நல்லா யோசிச்சுக்கிட்டியா"ன்னு இன்னொரு தடவ கேட்டுட்டுதான் மெஷின எடுத்திருக்காரு. துணிக்குள்ள இவன் அழுதிருக்கான், அவரு பாக்காத மாதிரி ரேடியோவ கொஞ்சம் சத்தமா வச்சிருக்காரு. எல்லாம் முடிச்சிட்டுதான் சேர கண்ணாடி பக்கம் திருப்புனாராம். அன்னைக்கு காசு வாங்கல. "வெட்டுனது நான் இல்லையே டீச்சர், நேராக்குனதுக்கு என்ன காசு"ன்னு சொல்லிட்டாரு.

2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17ஆவது பிரிவு, பிள்ளைங்கள அடிக்கக் கூடாதுங்கறதோட மனச நோகடிக்கவும் கூடாதுன்னு சேத்துதான் சொல்லுது, எல்லா டீச்சருக்கும் தெரியும். அந்த சட்டம் 14 வயசு வரைக்கும்தான்னு வேற ஒருத்தர் என்கிட்ட வாதம் பண்ணுனாரு. 15 ஆயிட்டா மட்டும் மனசு தோலு தடிச்சு போயிருமா? எனக்கு தெரிஞ்சு அந்த வயசுலதான் அது ரொம்ப மெல்லிசா இருக்கு.

பி.எட். படிக்கிறப்ப சைக்காலஜி பேப்பர பரிச்சைக்காக மனப்பாடம் பண்ணுனவங்கள்ல நானும் ஒருத்தி. அன்னைக்கு ராத்திரி பரண்லேர்ந்து அந்த நோட்ட எடுத்தேன். எல்கைண்டுன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1967ல சொன்னது அதுல இருந்துச்சு, வளரிளம் பருவத்துல பிள்ளைங்களுக்கு எப்பவும் ஒரு கூட்டம் தன்னைய பாத்துக்கிட்டே இருக்கற மாதிரி தோணுமாம், கற்பனையான பார்வையாளர்கள்னு அதுக்கு பேரு. மூஞ்சில ஒரு பரு வந்தா ஊரே அதத்தான் பாக்குதுன்னு நினைப்பாங்க. அதனாலதான் கண்ணாடி முன்னாடி அரைமணி நேரம், அதனாலதான் கல்யாண வீட்டுக்கு கூப்புட்டா வரமாட்டேங்கறது. சாதாரணமா அந்த கூட்டம் வெறும் கற்பனை, வயசு ஏற ஏற அதுவா கலைஞ்சுரும். ஆனா எம்பையனுக்கு அந்த கூட்டத்த நிஜமாவே வரிசையா நிக்கவச்சு காட்டிட்டாங்க. அவன் பயந்த கனவ பகல்ல நடத்தி காட்டுன மாதிரி. இந்த கடைக்காரர் சேர திருப்பி போட்டு, பெஞ்ச காலி பண்ணி, ஷட்டர இறக்குனப்ப பாக்குறதுக்கு யாருமே இல்லாம பண்ணிட்டாரு, அந்த கண்ணாடி உள்பட. அவரு எட்டாவது வரைக்கும்தான் படிச்சவரு.

இன்னொரு பழக்கம் அவர்ட்ட இருக்கு, நான் பல தடவ பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை பசங்க கூட்டமா வருவாங்க, ஒருத்தனுக்கு கட்டிங்னா கூட நாலு பேரு. "மச்சான் கோடு போடுடா, புருவத்த கட் பண்ணுடா"ன்னு ஏத்தி விடுவானுங்க. அவரு மெஷின கீழ வச்சிட்டு, "எல்லாரும் போயி டீய சொல்லுங்கப்பா, வரேன்"னு கூட்டாளிங்கள வெளிய அனுப்பிட்டு அதுக்கப்பறம்தான் சேர்ல உக்காந்திருக்கவன்ட்ட "இப்ப சொல்லு, என்ன வேணும்"னு கேப்பாரு. பாதி நேரம் பையன் வேற ஏதோ சொல்லுவான். 2005ல கார்ட்னர், ஸ்டெயின்பெர்க்னு ரெண்டு பேரு ஒரு ஆராய்ச்சி பண்ணுனாங்க, கார் ஓட்டுற கம்ப்யூட்டர் கேம ஆடவிட்டு பாத்தாங்க. 13லேர்ந்து 16 வயசு பிள்ளைங்க தனியா ஆடுறப்ப எடுக்குற ரிஸ்க்கவிட கூட்டாளிங்க பக்கத்துல இருந்து பாக்குறப்ப எடுக்குற ரிஸ்க் ரொம்ப அதிகம், ஆனா 24 வயசுக்கு மேல உள்ளவங்கள்ட்ட அந்த வித்தியாசம் காணோம். நம்ம வீட்ல "அவன் கூட சேராத"ன்னு மட்டும்தான் சொல்லத் தெரியுது. முடிவெடுக்குற அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் கூட்டாளிங்கள டீக்கடைக்கு அனுப்புனா போதும்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு.

ஏன் இப்படி இந்த வயசுலன்னு கேட்டா நம்ம ஊர் ஆளுங்களுக்கு நான் இப்படித்தான் சொல்லுவேன், பேரண்ட்ஸ் மீட்டிங்லயும் இதையேதான் சொல்றேன். மேட்டூர்ல வழக்கமா ஜூன் 12 தண்ணி தொறக்குறாங்க. கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும். அங்க வெண்ணாறு பிரிஞ்சு, நீடாமங்கலத்து பக்கம் மூணாறு தலைப்புல கோரையாறு, பாமணியாறுன்னு இன்னும் பிரிஞ்சு, வாய்க்கா வாய்க்காலா இறங்கி முத்துப்பேட்டை பக்கம் கடைமடை வயலுக்கு ஏறுறதுக்குள்ள நாள் போயிரும். தலைப்புல நுரைச்சுக்கிட்டு ஓடுறப்ப கடைமடைல மண்ணு வெடிச்சுதான் கிடக்கும். பிள்ளைங்க மூளையும் அதே கணக்குதான். கோவம், ஆசை, கூட்டாளி பாசம், புதுசா எதையாவது செஞ்சு பாக்கணும்ங்கற துடிப்பு, இதுக்கான பகுதியெல்லாம் வயசுக்கு வர்றப்பவே மடை தொறந்துரும். நிதானிச்சு யோசிக்கிற நெத்திக்கு பின்னாடி இருக்குற பகுதி இருக்கே, அதுதான் கடைமடை. முழுசா பாயுறதுக்கு இருபத்தஞ்சு வயசு பக்கம் ஆயிருது. கடைமடை விவசாயி யாரும் வயல பாத்து திட்டமாட்டாரு, வாய்க்கால தூர்வாரி வச்சிட்டு காத்திருப்பாரு.

இப்ப, அவன் பத்தாவது படிச்ச வருஷம் பொங்கலுக்கு நடந்தத சொல்றேன். வீட்டுக்காரர் லீவுல வந்திருந்தாரு. ரெண்டு வருஷம் கழிச்சு பையன நேர்ல பாக்குறாரு, முடி காத மூடிக்கிட்டு இருந்துச்சு, மேல் உதட்டுல பூனை முடி கருத்துக்கிட்டு வந்திருந்துச்சு. வந்த மறுநாளே "கிளம்புடா, மிலிட்டரி கட்டிங்"னு இழுத்துட்டு போனாரு. எனக்கு வயித்த கலக்க நானும் பின்னாடியே காய் வாங்குற சாக்குல போனேன். கடைக்காரர் "வாங்க மாப்ள"ன்னு வீட்டுக்காரர மொதல்ல உக்காரவச்சாரு, பையன பக்கத்து சேர்ல. வெட்டிக்கிட்டே, "மாப்ள, ஒம்பதாவது படிக்கிறப்ப பின்னாடி முடிய நீளமா ஃபங்க் விட்டுக்கிட்டு எங்கப்பாட்ட வந்து, ஒரு முடி குறைஞ்சாலும் காசு தரமாட்டேன்னு சொன்னது ஞாபகம் இருக்கா? உங்கப்பா வாய்க்கா வரப்புல கம்ப எடுத்துக்கிட்டு துரத்துனாரே"ன்னாரு. என் வீட்டுக்காரர் மொதல்ல ஒண்ணும் சொல்லல. அப்பறம் சிரிச்சுட்டாரு, அப்பறம் அவரே சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, அன்னைக்கு ராத்திரி வைக்கப்போர்ல படுத்து தூங்குனது, மறுநாள் அவங்கம்மா கூட்டிட்டு போயி வெட்டிவிட்டது, ஒரு மாசம் அப்பாகிட்ட பேசாதது. கல்யாணம் ஆகி பத்தொன்பது வருஷத்துல என்கிட்டயே சொன்னதில்ல. பையன் கண்ணாடி வழியா அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தான். அவங்கப்பாவும் ஒரு காலத்துல பதினாலு வயசா இருந்திருக்காருன்னு அன்னைக்குதான் அவனுக்கு தெரிஞ்சுது.

அதுக்கப்பறம் கடைக்காரர் பையன்ட்ட வந்து, தாடைய லேசா தூக்கி, "மீசை வரப்போகுது தம்பி, எடுத்துடவா, வைக்கவா?"ன்னு கேட்டாரு. அவங்கப்பா வாய தொறந்தாரு, மூடிக்கிட்டாரு. பையன் "இருக்கட்டும்ணா"ன்னான். காதுக்கு மேல மட்டும் ட்ரிம் பண்ணி விட்டாரு. மிலிட்டரி கட்டிங் பேச்ச அப்பறம் யாரும் எடுக்கல.

இதுல முடி ஒரு சின்ன விஷயம், பெரிய சண்டை குரூப்புக்குதான். அவங்கப்பாவோட திட்டம், இவன் பத்தாவதோட டிப்ளமோ சேரணும், முடிச்சோன்ன சிங்கப்பூர், ரூம்லேர்ந்து எல்லாம் ரெடி. இவன் வடுவூர் பசங்களோட சேந்து ஆறு மாசம் கபடி, அது விட்டுப்போயி வடுவூர் ஏரில பறவைய போட்டோ எடுக்குறேன்னு சித்தப்பா கேமராவ வாங்கிட்டு அலைஞ்சான், அப்பறம் வீடியோ எடிட்டிங், இப்ப ஒரு மூணு மாசமா ஒண்ணும் இல்ல, கேட்டா "தெரியலம்மா." இந்த தெரியலங்கற வார்த்தைதான் வீட்ல எல்லாருக்கும் எரிச்சல். மார்சியான்னு ஒரு உளவியலாளர் 1966ல, நான் யாரு, என்ன ஆகப்போறேன்னு பிள்ளைங்க தேடுற இந்த அடையாளத் தேடல நாலா பிரிச்சு சொன்னாரு. தேடவும் இல்ல, முடிவும் இல்லங்கறது ஒண்ணு. தேடாமலே பெத்தவங்க சொன்னத அப்படியே எடுத்துக்கிட்டு முடிவாயிட்டேன்னு நிக்கிறது ஒண்ணு. தேடிக்கிட்டே இருக்கேன், இன்னும் முடிவாகலங்கறது ஒண்ணு. தேடிப்பாத்து தானே ஒண்ண பிடிச்சுக்கிறது கடைசி. நம்ம ஊர்ல ரெண்டாவது வகை பையனத்தான் "தங்கமான புள்ள"ன்னு சொல்றோம். மூணாவது வகைய "உருப்படாது"ங்கறோம். ஆனா தேடலுக்கப்பறம் வர்ற முடிவுதான் அவனுக்கு சொந்தமா நிக்கும்.

இந்த அடையாள நெருக்கடிங்கற பேச்சையே கொண்டுவந்த எரிக்சன்ங்கற உளவியலாளரோட கதைய நான் வீட்டுக்காரருக்கு சொன்னேன். பெத்த அப்பா யாருன்னே தெரியாம வளந்தவரு. இருபத்தஞ்சு வயசு வரைக்கும் படம் வரைஞ்சுக்கிட்டு ஐரோப்பாவுல ஊர் ஊரா சுத்துனவரு, அப்பறம்தான் வியன்னாவுல வாத்தியாரா சேந்து உளவியல் பக்கம் வந்தாரு. 1939ல அமெரிக்க குடியுரிமை வாங்குனப்ப வளர்ப்பு அப்பா பேர நடுவுல தள்ளிட்டு எரிக்சன்னு ஒரு பேர தனக்கு தானே வச்சுக்கிட்டாரு. 12லேர்ந்து 18 வயசுக்குள்ள நான் யாருங்கற கேள்விதான் பிள்ளைங்களுக்கு பெரிய வேலைன்னு எழுதுனவரு அவரு, அந்த கேள்விய அந்த வயச தாண்டியும் ரொம்ப வருஷம் சுமந்தவரும் அவருதான். வீட்டுக்காரர் ஒண்ணும் பதில் சொல்லல. ஆனா போகும்போது பையன்ட்ட "பிளஸ் ஒன் சேரு, அப்பறம் பேசிக்கலாம்"னு சொல்லிட்டு போனாரு. இப்ப பயாலஜி குரூப்ல இருக்கான், அதுவும் ஒட்டுமான்னு தெரியல, பரவால்ல.

கடையில செவுத்துல "இங்கு அரசியல், சாதி பேசாதீர்"னு ஒரு தகரம் மாட்டியிருக்கு. நிறைய சலூன்ல இந்த மாதிரி எழுதி வச்சிருப்பாங்க, இங்க அது சும்மா இல்ல. பின்னந்தலைல ஒரு அடையாளத்த செதுக்கச் சொல்லி ஒரு பையன் வந்தான், பதினாறு வயசு இருக்கும், கைல கலர் கயிறு. "தம்பி, இது நீ வளத்த முடி, இதுல அடுத்தவன் கொடிய நான் வரைய மாட்டேன், வேற எது கேட்டாலும் பண்றேன்"னு சொல்லிட்டாரு. பையன் கோவமா எழுந்து போனான். ஒரு வாரம் கழிச்சு வந்து சாதா கட்டிங் பண்ணிட்டு போனான்னு பின்னாடி கேள்விப்பட்டேன். நாங்குநேரில ஒரு மாணவன சாதி வெறில அவனோட கூட படிச்சவங்களே அரிவாளால வெட்டுனதுக்கு அப்பறம் போட்ட நீதிபதி சந்துரு குழு, 2024ல குடுத்த அறிக்கைல பள்ளிக்கூடத்துல சாதி கயிறு கூடாதுன்னு சொல்லியிருக்கு. நான் யாருன்னு தேடிக்கிட்டு இருக்கற பிள்ளைக்கு, "தேடாத, இந்தா ரெடியா இருக்கு"ன்னு கைல கட்டிவிடுறது எவ்வளவு சுலபம்னு பாருங்க. அந்த வயசோட தவிப்பு தெரிஞ்சவங்கதான் அத குறிவச்சு கட்டுறாங்க. ஊர் காலங்காலமா தன் தொழில வச்சே தாழ்த்தி பேசுன ஒரு மனுஷன் இத மறுக்குறப்ப அதுக்கு வேற ஒரு கனம் இருக்கு.

குறைன்னா, மொத குறை அவர் கடையோடது இல்ல, ஊரோடது. என் மூத்த பொண்ணுக்கு இப்படி ஒரு இடம் கிடைக்கல. அவ பெரியவளானப்ப மஞ்சத்தண்ணி ஊத்தி, பந்தல் போட்டு, சீர் வாங்கி, மறுவாரமே சைக்கிள எடுத்து திண்ணைல நிறுத்திட்டோம். எல்லாரும் அவள பாத்தாங்க, யாரும் அவள்ட்ட உனக்கு என்ன வேணும்னு கேக்கல. நானும்தான். தம்பிக்கு கிடைச்சத பாத்துட்டு "எனக்கு யாரும்மா சேர திருப்பி போட்டாங்க"ன்னு அவ கேட்டா, பதில் இல்ல என்கிட்ட.

கடையோட குறைகள்: ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வெயிட் பண்ணணும், பெஞ்ச் ஒரு பக்கம் ஆடும், சித்திரை வெயில்ல உள்ள உக்கார முடியாது. பவுடர் நிறைய கொட்டுவாரு, தும்மல் வர்ற பிள்ளைங்க இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. கலரிங் 18 வயசுக்கு கீழ பண்ணவே மாட்டாரு, எவ்வளவு குடுத்தாலும், அதனால சில பசங்க வேற கடைக்கு போறாங்க.

அப்பறம் ஒண்ணு. இவரு நல்ல மனுஷன், ஆனா டாக்டர் இல்ல, அது அவருக்கும் தெரியும். பிள்ளை ரெண்டு வாரமா சரியா தூங்கல, சாப்புடல, பிடிச்சதையெல்லாம் விட்டுட்டான், செத்துப்போறேங்கற மாதிரி பேசுறான்னா சலூனும் வேணாம் ஜோசியமும் வேணாம், 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட மனநல உதவி எண், டெலிமானஸ்னு பேரு, 24 மணி நேரமும் ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம். திருவாரூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. அந்த நம்பர நான் ஒரு அட்டைல எழுதி குடுத்தேன், கண்ணாடி ஓரத்துல பசங்க கண்ணுல படுற மாதிரி ஒட்டி வச்சிருக்காரு.

செவ்வாய்க்கிழமை லீவு. புதன், வியாழன் மத்தியானம் போனா கூட்டம் இருக்காது. ஜிபே இருக்கு. பையன தனியா உள்ள அனுப்புங்க, எதுத்தாப்புல டீக்கடை இருக்கு, அங்க நில்லுங்க.